பெங்களூருக்குக் கொண்டுபோன ரத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால் மணி. கோவிலில் முதல் வாசகம் முடிந்திருந்தது. பதிலுரைப் பாடலுக்காக என் மகள் எழுந்து மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். முதல் அடியைச் சரியாகத்தான் பாடினாள். இரண்டாவது அடியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் போகவில்லை. கீழே இறங்கித் தடித்து, ஒரு ஆண்பிள்ளை தொண்டையைச் செருமுவது போன்ற சத்தம் வந்தது. ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த சிஸ்டர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பையன்கள் உட்காரும் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மகளைப் பார்க்க முடியாமல் நான் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்திருந்தாள். நான் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறும் புவியியலும் நடத்திக்கொண்டிருந்தேன். எங்களுடையது விவசாயக் குடும்பம். என் தலைமுறையில்தான் ஒருவன் படித்து மாதச் சம்பளத்துக்கு வந்திருந்தான். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. தர்மபுரியில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு. எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது.

சளி என்றுதான் நினைத்தோம். மிளகுப் பால், உப்புத் தண்ணீர், கற்பூரவல்லி எல்லாம் பார்த்தாயிற்று. குரல் தெளியவில்லை, நாளாக நாளாக இன்னும் இறங்கியது. ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது வீட்டுக்குள் யாரோ ஒரு ஆண் பேசுவது கேட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். என் மகள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடி பம்பில் தண்ணீர் பிடிக்கப் போன என் மனைவி அந்த வாரம் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். அங்கே ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "என்னக்கா, ஒங்க வூட்ல புதுசா ஒரு ஆம்பள கொரலு கேக்குதே, மாப்ள கீப்ள வந்துட்டாரா?" இன்னொருத்தி, "மாப்ளயும் அவதான், பொண்ணும் அவதான்" என்றாளாம். அங்கேயே குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள். சுவரில் சாய்ந்துகொண்டு, அதுவரை என்னிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"இங்க பாருங்க, மூணு மாசமா அவ தலைக்கு ஊத்தல."

ஒரு தகப்பனுக்கு அந்த வாக்கியம் கேட்டதும் முதலில் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அதெல்லாம் இல்ல. நான் கேட்டுட்டேன். மாதா மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணிட்டா. இது வேற. மீசை எறங்குது. தாவாக்கட்டையில முடி மொளைக்குது. கால்ல, வயித்துல... எனக்குப் பயமா இருக்குதுங்க. என்னமோ உள்ளார மாறிக்கிட்டு வருது."

உள்ளே மாறிக்கொண்டு வருகிறது. அவள் சொன்ன அந்த வார்த்தை பல மாதங்கள் என்னை விடவில்லை. வகுப்பில் மண்வகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன், பாதியில் நின்றுவிடுவேன்.

சேலத்தில் ஒரு அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பெரிய பெயர் உள்ளவர், கூட்டம் அதிகம். மகளைப் படுக்கவைத்து அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"சினைப்பையில கட்டி இருக்கலாம். ஆண் ஹார்மோன் சுரக்கற கட்டி. தொறந்து பாத்துரலாம்."

"பாத்துட்டுங்க?"

"இருந்தா எடுத்துருவோம்."

"எதைங்க எடுப்பீங்க?"

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நெலமையப் பொறுத்து. ரெண்டையுமே எடுக்க வேண்டி வரலாம்."

வெளியே வந்தேன். மகள் பெஞ்சில் உட்கார்ந்து தாவணி முந்தானையால் மேலுதட்டை மூடிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. "என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, இரண்டு வாரம் கழித்து வந்து சேரச் சொன்னார் என்றேன். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அறைக்குக் கதவு கிடையாது, வெறும் திரைதான்.

அறுத்துவிட்டு வந்தால் அவளுக்கு என்ன மிச்சமிருக்கும் என்பதுதான் எங்கள் யோசனை. அறுக்காமல் விட்டால், கட்டி இருந்தால், அவளே மிஞ்சுவாளா என்பதும். என் மனைவி கோவிலில் மண்டியிட்டு ஏதேதோ நேர்ந்துகொண்டாள். எனக்கு ஜெபம் வரவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் தர்மபுரியில் இருந்த அந்த லேடி டாக்டரிடம் போனோம். நடுவயதுக்காரர். அதிகம் சிரிக்கமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தொறக்கறதுக்கு முன்னாடி ரத்தத்தப் பாத்தாங்களா?" என்றார்.

"ரத்தம் பாத்தாங்க. சக்கரை, ரத்தசோகை எல்லாம்..."

"அது இல்ல சார். ஆண் ஹார்மோன் எவ்வளவு இருக்குதுன்னு பாக்கணும்."

"அது பொம்பளப் புள்ளைக்கு எப்பிடிங்க இருக்கும்?" என்று நான் கேட்டேன். பதினைந்து வருடம் பாடம் நடத்தியவன் கேட்ட கேள்வி அது.

அவர் அலுத்துக்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் இருக்கும். ஒங்க சம்சாரத்துக்கும் இருக்குது. எனக்கும் இருக்குது. ஆம்பளைங்களுக்கு நெறைய, பொம்பளைங்களுக்குக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் இல்லாம பொம்பள ஒடம்பு நடக்காது. கட்டி இருந்தா அந்த அளவு தாறுமாறா ஏறியிருக்கணும். ஏறியிருந்தா அறுக்கட்டும். ஏறலேன்னா ஏன் அறுக்கணும்?"

தர்மபுரியில் அந்தச் சோதனை கிடையாது. சேலத்திலும் கிடையாது. பெங்களூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் செய்தார்கள், அதுவும் ரத்தங்கள் சேர்ந்த பிறகு மொத்தமாக. மகளை அலைக்கழிக்க வேண்டாம், ரத்தம் போனால் போதும் என்றார் டாக்டர். அந்தச் சுரப்பு காலையில்தான் சரியாகத் தெரியுமாம். விடிந்ததும் வரச் சொன்னார். ரத்தத்தை எடுத்து, உறைந்த பிறகு மிஷினில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நின்ற நீரை மட்டும் ஒரு சின்னக் குப்பியில் இறக்கினார்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தது. ஐஸ் பேக்டரியில் வாங்கிய ஐஸை உடைத்து அகலவாய்ப் பிளாஸ்க்கில் போட்டு, அதற்குள் குப்பியை வைத்து மூடி என் கையில் கொடுத்தார்கள்.

பிளாஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். காவேரிப்பட்டணம் தாண்டும்வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"சார் மாட்டாஸ்பத்திரிங்களா?"

அந்தக் காலத்தில் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற கால்நடை ஆட்கள்தான். நான் பதில் சொல்வதற்குள் பின் சீட்டுப் பெரியவர் எழுந்து என் தோளைத் தொட்டார்.

"சார் சார், எங்க வூட்டுப் பசுவுக்கு ரெண்டு வாட்டி ஊசி போட்டும் செனை நிக்கல சார். நீங்க போடறது சரக்கு நல்லதுங்களா?"

"யோவ், அவரு பெங்களூரு போறாரு, அங்க சீமைப் பசுவுக்குப் போடறது. ஒன் நாட்டு மாடு தாங்குமா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

நானும் சிரித்து வைத்தேன். இல்லை, இது என் மகளுடைய ரத்தம் என்று எப்படிச் சொல்வது? பெரியவர் ஓசூர்வரை விடாமல் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஒரு விதத்தில் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் பேச்சு நின்றிருந்தால் அந்தப் பஸ்ஸிலேயே அழுதிருப்பேன்.

பரிசோதனைக்கூடம் ஒரு மாடியில் இருந்தது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பிளாஸ்க்கைத் திறந்து குப்பியைத் தொட்டுப் பார்த்து, ஐஸ் இருப்பதில் திருப்தியானார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்: "கண்டஸா, ஹெங்கஸா?"

கன்னடம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனாலும் விழித்தேன். அவர் தமிழில் திருப்பிக் கேட்டார்: "ஆம்பளயா, பொம்பளயா சார்? ரெண்டு பேருக்கும் அளவு வேற வேற."

அவருக்கு அது நாளெல்லாம் கேட்கிற கேள்வி. பம்படியில் கேட்டார்கள், கோவிலில் பையன்கள் கண்ணால் கேட்டார்கள், இப்போது இவரும் கேட்கிறார். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "என் மகள்" என்றேன். பேனாவால் ஒரு கட்டத்தில் குறித்துக்கொண்டார்.

எதிரே பெஞ்சில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகிச் சில வருடம் ஆனவர்கள் போலத் தெரிந்தது. ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் அதே சோதனைதான் என்று பின்னால் புரிந்தது. அவர்கள் இருக்க வேண்டியது குறைந்துவிட்டதோ என்று பயந்து வந்தவர்கள், நான் கூடிவிட்டதோ என்று பயந்து வந்தவன். ஜன்னலில் பெயர் கூப்பிடும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுந்தோம்.

முடிவு வர ஒரு வாரம் பிடித்தது. சேலத்தில் சேரச் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னால் மறுபடியும் பெங்களூர் போனேன். தாளை வாங்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். படிக்கட்டிலேயே பிரித்துப் பார்த்தேன். ஆண்களுக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு, பெண்களுக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று கீழே அச்சிட்டிருந்தது. என் மகளின் எண் ஆண்கள் வரிக்குக் கிட்டேயே போகவில்லை. பெண்களின் வரியில்கூட அடிமட்டத்துக்குக் கீழே இருந்தது. கட்டி இல்லை. என் பெண் பெண்தான். தெருவில் இறங்கி ஒரு கடையில் காபி குடித்தேன், பல வாரங்களில் ருசி தெரிந்த முதல் காபி. மகளுக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். தாளைப் பார்த்துவிட்டு அவரும் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். தாளைப் பார்த்தார், மகளின் தாவாக்கட்டையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"நல்லதுதானுங்களே?" என்றேன்.

"அறுக்க வேண்டியதில்ல. அது நல்லது. ஆனா இவ்வளவு கொறஞ்சிருக்கறப்போ மீசை எப்படி சார் மொளைக்கும்?" என்றார். "ஒடம்பு தானாச் சொரக்கல. அப்ப வெளியில இருந்து ஏதோ உள்ள போகுது. அதே கொணம் உள்ள வேற மருந்து. இந்தச் சோதனையில அது தெரியாது. வெளியில இருந்து வந்தா ஒடம்பு தன் பங்கக் கொறச்சுக்கும். என்ன குடுக்கறீங்க இவளுக்கு?"

"ஒண்ணும் குடுக்கலீங்க."

"ஊசி? டானிக்?"

"எங்க வூட்ல ஊசியே கிடையாதுங்க. நான் விடமாட்டேன்." சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் என்னை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் தடித்த குரலில் மெதுவாகச் சொன்னாள்:

"அத்தை சொல்லக் கூடாதுன்னாங்க."

அத்தை என்றால் என் அக்கா. தர்மபுரியில் டைப்ரைட்டிங் வகுப்புக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மகள் மதியம் அங்கேதான் சாப்பிடுவாள். அக்கா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். பெண் பிறந்த அன்றே அவனுக்குத்தான் என்று பேச்சு. சொந்தத்துக்குள் கட்டுவதால் பிஷப்பிடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவைத்திருந்தோம். அக்கா வீட்டுப் பங்காளிகள் பெண்ணைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, தொடப்பக்குச்சியாட்டம் இருக்குது, இது ரெண்டு புள்ள பெக்குமா?" என்று சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு அது தாங்கவில்லை. வாரா வாரம் சனிக்கிழமை அவளை ஒரு கம்பவுண்டரிடம் அழைத்துப் போய் உடம்பு தேற ஊசி போடவைத்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வீட்டிலேயே ஊசி போடுகிற ஆள்.

"எண்ணெயாட்டம் இருக்கும்ங்க. மஞ்சளா," என்றாள் மகள். "போட்டா ரெண்டு நாளைக்கு வலிக்கும். ஆனா பசி எடுக்கும். அத்தை பக்கத்துல ஒக்காந்து ஊட்டுவாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தெரியும். நோயாளிங்களுக்குத் தசை வர்றதுக்குப் போடறது. ஆண் ஹார்மோனோட ஒண்ணுவிட்ட தம்பி. இப்ப ஊருக்கு ஊரு சத்து ஊசின்னு போடறாங்க." பிறகு என் மனைவியிடம் சொன்னார்: "இன்னியோட நிறுத்திட்டா தூரம் வந்துரும்மா. நாளாகும், ஆனா வந்துரும். முடி கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும்."

"கொரலு?" என்று மகள் கேட்டாள்.

"கொரலுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது கண்ணு. தொண்டையில தடிச்சது தடிச்சதுதான். பெரும்பாலும் திரும்பாது."

அவள் சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். என் மனைவிதான் உடைந்து அழுதாள்.

அவர்களைப் பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடா தம்பி, சாப்புட்டியா?" என்றாள். நான் நின்றபடியே கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"ஆமா, போட்டேன். என்னா இப்ப? வெஷமாடா குடுத்தேன்? நாலு பேருக்குப் போட்டுத் தேறுனதப் பாத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல அக்கா?"

"எப்பிடிடா சொல்றது? பொண்ண எடுக்கறவ வந்து, ஒம் பொண்ணு ஒடம்பு பத்தல, நான் தேத்திக்கறேன்னு சொன்னா, எங்க வூட்ல சோறு போடலையான்னு நீயி ரோசப்பட மாட்டியா? ஒம் பொண்டாட்டி அன்னிக்கே ஒறவ முறிச்சிருக்க மாட்டாளா? அதான் சொல்லாத கண்ணுன்னேன்."

அவள் சொன்னது உண்மை. கோபப்பட்டுத்தான் இருப்போம். பெண் கொடுக்கிற வீட்டில் சாப்பாடு போதவில்லை என்று எடுக்கிற வீடு சொல்வதைப் போல ஒரு அவமானம் எங்களில் கிடையாது. டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். குரல் திரும்பாது என்றபோது கீரைக் காம்பு அவள் கையிலேயே நின்றது. "சும்மா சொல்றாங்கடா. டாக்டருங்க அப்பிடித்தான்," என்றாள். பிறகு, "அவ பாடுவாளேடா," என்றாள். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

சேலத்துக்குப் போகவில்லை. மழைக்காலம் தொடங்கிய சமயம் ஒரு காலையில் என் மனைவி அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "அவ இன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கிறா," என்றாள். கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதேன், யாரும் பார்க்கவில்லை. முடியும் மெல்லக் குறைந்தது. குரல் அப்படியே நின்றுவிட்டது. கோவிலில் பாடல் குழு எழுந்து நிற்கும்போது அவள் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பாள். கல்யாணப் பேச்சை இரண்டு வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை. அக்கா வரவில்லை. அவள் பெயரைச் சொன்னாலே என் மனைவி எழுந்து போய்விடுவாள்.

அக்கா ஒரு நாள் வந்து நிற்பாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது அவள் மகன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஷிப்ட் முடித்துக் கம்பெனிச் சட்டையோடு நேராகப் பஸ் ஏறி வந்திருந்தான். அகன்ற தோள், அடர்ந்த மீசை. அந்த உடம்பை நாங்கள் எல்லோரும் மெச்சிப் பேசியிருக்கிறோம். என் மனைவி உள்ளே போய்விட்டாள். மகள்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "ஒக்காருங்க மாமா," என்றாள். அவளுடைய புதுக் குரலை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. சொம்பை வாங்கியவன் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் போன பிறகும் உட்காரவில்லை. என்னை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனான்.

"நான் கல்யாணம் பேச வரல மாமா," என்றான். "அந்த ஊசி எனக்குத்தான் மொதல்ல போட்டாங்க. ஓசூருக்கு வேலைக்குப் போனப்ப எலும்பா இருந்தேன்ல, அப்பருந்து. மூணு வருசமா. பாக்கறதுக்குத்தான் மாமா இப்பிடி இருக்கேன். உள்ள ஆம்பளைக்கு இருக்க வேண்டியது கொறஞ்சிருச்சோன்னு பயமா இருக்குது." சொம்பைக் கீழே வைத்தான். "என் ரத்தத்தயும் பெங்களூருக்குக் கொண்டுபோகணும் மாமா. எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். பாப்பா விசயம் தெரிஞ்சதுல இருந்தே அவங்க சரியாச் சாப்புடறதில்ல."